வீடுகளால் போட்ட சாலை

தோணித்துறை வீடுகளை இடித்து அரைத்துப் போட்ட புதிய சாலையைத் திறந்துவைத்த அன்று காலையில், நாடாவை வெட்டி முடித்ததும் மேளம் முழங்க அதன்மேல் ஏறவந்த முதல் கார், சாலையின் விளிம்பில் முன்சக்கரம் பட்டதும் படாததுமாக நின்றுபோனது. ஓட்டுநர் சாவியைத் திருகிப் பார்த்தார், பெட்ரோல் முள்ளைப் பார்த்தார், பின்னால் உட்கார்ந்திருந்த பெரிய அதிகாரியின் முகத்தைக் கண்ணாடியில் பார்த்தார், பிறகு கீழே இறங்கி, ஏன் செய்கிறோம் என்று அவருக்கே விளங்காமல் பூட்ஸைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, ஒரு ஆள்கூட இல்லாத கரிய தார்ப்பரப்பைப் பார்த்து, முதல்முறையாக ஒரு வீட்டுக்கு வந்தவர்போலக் குரலைத் தணித்துக்கொண்டு, "வீட்ல யாராச்சும் இருக்கீங்களா?" என்று கேட்டார்.

ஓரக்கல்லுக்கு மஞ்சளும் கறுப்பும் அடித்துக்கொண்டிருந்த தேசம்மா பெயின்ட் டப்பாவிலிருந்து தலையை எடுக்காமலேயே, "கீறோம், வாங்க" என்றாள். கார் உறுமிக்கொண்டு கிளம்பியது.

யோசித்துச் சொன்ன சொல் இல்லை அது. வாசலில் யார் குரல் கொடுத்தாலும் அடுப்படியிலிருந்து அவள் வாயில் வரும் சொல் அதுதான். சொன்ன பிறகுதான் நிமிர்ந்தாள், நிமிர்ந்த பிறகுதான் காருக்குள் இருந்த முகத்தைப் பார்த்தாள். தோணித்துறையை இடித்த அன்று குடைக்குக் கீழே நின்று, கைக்கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து, "சீக்கிரம் முடிங்கப்பா" என்று சொல்லிக்கொண்டிருந்த முகம். தேசம்மா தன் நாக்கைக் கடித்துக்கொண்டாள். பிரஷ்ஷைப் போட்டுவிட்டு, ரப்பர் செருப்பை உதறிவிட்டு, சாலையில் காலை வைத்தாள். வெயிலில் இளகிப் பளபளத்த தார் அவள் பாதத்துக்குச் சில்லென்று இருந்தது, மத்தியானத்தில் முந்தானையை விரித்துப் படுத்தால் முதுகைக் குளிர்விக்கிற சிமென்ட் தரையைப் போல. சாலையின் அந்த முதல் துண்டு தன்னுடைய வீடு என்பதை அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

கார் அவள் வீட்டைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் மறுபடி நின்றது, ஏனென்றால் அதற்கப்புறம் கிடந்தது தையல்கார ஏழுமலையின் வீடு. ஓட்டுநர் மறுபடி இறங்கி, யாராச்சும் இருக்கீங்களா என்று மறுபடி கேட்டார். ஏழுமலை வெகுதூரத்தில், வீடு இடிந்தவர்களைக் கொண்டுபோய் வைத்த பெரியகழனிக் குடியிருப்பில் இருந்தான். பதில் வரவில்லை. பெரிய அதிகாரி சாக்ஸ் காலோடு கொதிக்கிற தாரில் நடந்தே திரும்பி வந்தார்.

தோணித்துறையைப் பற்றித் தெரியாதவர்களுக்கு இவ்வளவு சொன்னால் போதும். பட்டணத்து ஆற்றை ஒட்டி, ஒன்றின் தோளில் ஒன்று சாய்ந்துகொண்டு நின்ற வீடுகள் அவை. தேசம்மா சித்தாள், அவள் புருஷன் கன்னியப்பன் கொத்தனார். பட்டணத்தின் உயரமான கட்டடங்களில் பாதிக்குக் கலவை சுமந்தவள் அவள், பூசியவன் அவன். சாயங்காலம் வேலை முடிந்து திரும்பும்போது மேஸ்திரி வேண்டாமென்று ஒதுக்கிய அரைச்செங்கலும், சலித்துக் கொட்டிய மணலும், ஓரம் உடைந்த டைல்ஸும் தலையில் ஏறி வரும். அப்படி மற்றவர்கள் வீட்டில் மிஞ்சியதிலிருந்து ஒரு வருஷம் ஒரு சுவர், அடுத்த வருஷம் இன்னொரு சுவர் என்று அவர்கள் வீடு எழும்பியது. அதற்கு ரோஜாப்பூ நிறத்தில் சுண்ணாம்பு அடித்தான் கன்னியப்பன், கடையில் அந்த நிறம்தான் விற்காமல் கிடந்தது என்பதற்காக.

ஆற்றில் வெள்ளம் வரும், உயிருக்கு ஆபத்து என்று சொல்லி இடித்தார்கள். உலையில் அரிசி கொதித்துக்கொண்டிருந்தபோது இடித்தார்கள். சதுப்பைத் தாண்டி, பஸ் அலுத்துக்கொண்டு போகிற தூரத்தில் இருந்த பெரியகழனி அடுக்குமாடிகளில் கொண்டுபோய் இறக்கினார்கள். அங்கே ஏழாவது மாடியில் கன்னியப்பனுக்கு நெஞ்சு வலித்தது. லிஃப்ட் ஓடவில்லை. போர்வையில் போட்டு நாலு பேர் படியில் தூக்கி இறக்கினார்கள். வழி தெரியாமல் சுற்றிய ஆம்புலன்ஸ் வந்து சேர்ந்தபோது ஏற்றுவதற்கு நோயாளி இல்லை. தேசம்மா அப்போது அழவில்லை. அன்று அவள் அடிவயிற்றில் போய் உட்கார்ந்த கோபம் அதற்கப்புறம் எழுந்திருக்கவே இல்லை. அவளோடு சாப்பிட்டது, அவளோடு தூங்கியது, அவளோடு வேலைக்கு வந்தது.

இடிபாட்டை லாரி லாரியாக அள்ளிப்போய் அரவை மில்லில் கொட்டினார்கள். கம்பியைப் பிரித்து, மரத்தைப் பிரித்து, மிச்சத்தைப் பொடித்துச் சலித்து, இந்தப் புதிய சாலைக்குத் தாருக்கடியில் பரப்பினார்கள். தோணித்துறைக் குழந்தைகளின் பால் பாக்கெட்டும் பிளாஸ்டிக் பையும்கூடத் துண்டாகித் தாரோடு உருகிக் கலந்தன. இந்த யோசனை கோட்டப் பொறியாளர் இளங்கீரனுடையது. மலைகளை வெடிவைத்து உடைத்துத்தான் சாலை போட வேண்டுமா என்று பல வருஷமாகக் கூட்டத்துக்குக் கூட்டம் எழுந்து கேட்டவர் அவர், கெட்ட மனிதர் இல்லை. சாலைக்கு விருது கிடைத்தது. அதன் தொடக்கத்தில் பச்சை நிறத்தில் பெரிய பலகை வைத்தார்கள்: "கழிவிலிருந்து எழில். இச்சாலை முழுவதும் கட்டடக் கழிவால் ஆனது."

அழைக்காமல் யாரையும் விடாத அந்தச் சாலையைக் கண்டு பட்டணம் முதலில் கத்தியது, பிறகு பழகிக்கொண்டது. சோதனை செய்ய வந்த பொறியாளர்கள் தாரில் குழாய் இறக்கி மண் எடுத்தார்கள், எல்லாம் சரியாகவே இருந்தது. பூசாரி வந்து எலுமிச்சம்பழம் வைத்தார், பாதிரியார் வந்து ஜெபம் செய்தார், சாலை இருவரையும் வாசலில் நிறுத்தியது. ஆனால் மீன்கூடையோடு வந்த பெண்களை அது நிறுத்தவில்லை. பள்ளிக்கூடப் பிள்ளைகளை, நாய்களை, குப்பை வண்டிக்காரரை, தோணித்துறையில் யாரெல்லாம் கேட்காமல் உள்ளே வருவார்களோ அவர்களையெல்லாம் நிறுத்தவில்லை. ஆம்புலன்ஸ் நிற்காமல் பறந்தது, நோயாளியை வாசலில் காக்கவைக்கிற வழக்கம் தோணித்துறையில் எந்த வீட்டிலும் இருந்ததில்லை. இதைக் கண்டுபிடித்த ஒரு கம்பெனி முதலாளி, அவசரக் கூட்டத்துக்குப் போக ஆம்புலன்ஸில் படுத்து மூக்கில் குழாய் மாட்டிக்கொண்டு வந்தார். தேசம்மா வீட்டு விளிம்பில் வண்டி நின்றது. டிரைவர் இறங்கி அவரைத் திரும்பிப் பார்த்து, "சார், எழுந்து வாங்க, உங்களுக்கு ஒண்ணும் இல்லன்னு அதுக்குத் தெரிஞ்சிருச்சு" என்றார்.

பிறகு அரசாங்கம் செய்யக்கூடியதைச் செய்தது. பெரியகழனிக்கு வேன் அனுப்பி, வீட்டுக்கு ஓர் ஆளைக் கூட்டிவந்து, ஆரஞ்சு நிறச் சட்டையும் குடையும் கொடுத்து, அவரவர் வீடு கிடந்த இடத்தில் சாலையோரம் உட்காரவைத்து, வருகிற வண்டிக்கெல்லாம் வாங்க சொல்லும் வேலையில் சேர்த்துக்கொண்டது. தையல்காரன் ஏழுமலை தையல் மெஷினையும் கொண்டுவந்து போட்டுக்கொண்டு, தைத்தபடியே வாங்க வாங்க என்றான். கடைசி வீட்டு ரஹமத்பீ கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, யார் வருகிறார்கள் என்று முகம் பார்த்துத்தான் சொல்வாள். தினமும் வேலைக்குப் போகிறவர்கள் கொஞ்ச நாளில் வீடுகளின் வரிசையை மனப்பாடம் செய்துகொண்டார்கள். காலையில் வானொலியில் பாட்டுக்கு நடுவே, "ஏழுமலை வீட்ல இன்னைக்கு ஒரு கல்யாணமாம், ஆள் இல்ல, ஆத்துப் பாலம் வழியா சுத்திப் போங்க" என்று சொன்னார்கள். இருந்தபோது ஒருவரும் கேட்காத பெயர்களை, இடிந்த பிறகு பட்டணம் முழுக்க உச்சரித்தது.

தேசம்மா மட்டும் ஆரஞ்சு சட்டையைப் போட்டுக்கொள்ளவில்லை. ஓரக்கல்லில் உட்கார்ந்திருப்பாள். ஸ்கூட்டரில் வருகிற நர்ஸுக்குச் சொல்வாள், சாப்பாட்டுப் பை தூக்கி வருகிற பையன்களுக்குச் சொல்வாள், சித்தாள்களை ஏற்றிவருகிற வேனுக்கு எழுந்து நின்று சொல்வாள். கண்ணாடி ஏற்றிய கார்களைப் பார்த்தால் வாயை மூடிக்கொள்வாள். அவள் வீடு முதல் வீடாக இருந்ததால், அந்தக் கார்கள் அவள் முன்னால் மாலைவரை நின்றன. போலீஸ் வந்து மிரட்டியது. "சொல்ல மாட்டன்னா கேஸ் போடுவோம்" என்றார் இன்ஸ்பெக்டர்.

"இன்னா கேஸு சார்? வூட்டுக்கு வந்தவன வான்னு கூப்புடலன்னா?" என்றாள் தேசம்மா. இன்ஸ்பெக்டர் திரும்பிப் பார்த்தார். அவருடைய ஜீப்பும் அவள் விளிம்புக்கு வெளியேதான் நின்றிருந்தது.

கடைசியில் இளங்கீரனே வந்தார். காரைத் தூரத்தில் விட்டுவிட்டு, செருப்பைக் கழற்றிவிட்டு, விளிம்புக்கு வெளியே நின்றார். வாங்க என்று அவள் சொல்லாததால் அங்கேயே நின்று பேசினார்.

"அம்மா, உங்க வீட்டை இடிச்சது நான் இல்ல. வேற இலாகா. இடிஞ்சு கெடந்ததத்தான் நான் எடுத்தேன். எடுக்கலன்னா அத சதுப்புல கொட்டியிருப்பாங்க. இந்த ஒரு சாலையால ஒரு முழு மலை பிழைச்சிருக்கு, தெரியுமா?"

"மலையக் காப்பாத்தினியே, நல்லது சார். அத நான் தப்பு சொல்லல." தேசம்மா எழுந்து வந்து அவருக்கு நேரெதிராக நின்றாள். "இடிச்சவன் நான் இல்லன்றே, வேற இலாகான்றே. இடிச்சவனக் கேட்டா, உத்தரவு போட்டவன் வேறன்றான். போட்டவனக் கேட்டா, ஆத்த கை காட்றான். எங்க வூடு தானா வுழுந்து, தானா லாரில ஏறி, தானா அரைஞ்சு இங்க வந்து படுத்துக்குச்சா?"

இளங்கீரன் விளிம்பிலிருந்து ஓர் அடி பின்வாங்கினார்.

"அந்தப் போர்டப் படி."

"எதும்மா?"

"பச்சையா நிக்கிதே, அது. சத்தமா படி."

அவர் திரும்பி நின்று படித்தார்.

"நீ கழிவுன்னு எழுதினது எங்க சோறு ஆக்குன எடம். என் பொண்ணு பொறந்த எடம். எங்க ஆளு கடைசி வரைக்கும் வூட்டுக்குப் போலாம் வூட்டுக்குப் போலாம்னு பொலம்பினாரே, அந்த எடம். குப்பைய சுத்தம் பண்ணவன் மாதிரி மால போட்டுக்கினு நின்ன."

"நான் என்ன செய்யணும்னு சொல்லுங்க."

"மறுசுழற்சி மறுசுழற்சின்னு மைக்ல பேசினியே. வூட்ட அரைச்சு ரோடு ஆக்கத் தெரிஞ்சவனுக்கு, ரோட்டப் பேத்து வூடு ஆக்க முடியாதா?"

இளங்கீரன் குனிந்து விளிம்புத் தாரை விரலால் சுரண்டிப் பார்த்தார். "முடியும்" என்றார். "கல்லா அழுத்தி வார்க்கலாம். முன்னயே முடிஞ்சிருக்கும். அப்படிச் செய்யச் சொல்லி யாரும் கேக்கல. நானும் கேக்கல."

"இப்ப நான் கேக்கறேன்."

அவர் போய் மேலே சொன்னார். மேலே இருந்தவர்களுக்கு அது பிடிக்கவில்லை. ஒரு சித்தாள் சொல்லிச் சாலையைப் பேர்ப்பதா என்றார்கள். பேர்ப்பதுதான் பேர்க்கிறோம், முழுதாகப் பேர்த்துச் சதுப்பில் கொட்டிவிட்டு மலைக்கல்லாலேயே புதிதாகப் போடுவோம், மலைக்கல் யாரையும் வாசலில் நிறுத்தாது என்று முடிவு செய்தார்கள். இளங்கீரனை வேறு மாவட்டத்துக்கு மாற்றினார்கள். பொக்லைன் இயந்திரத்தை தேசம்மா இல்லாத பக்கமாக, சாலையின் மறுகோடியில், ரஹமத்பீ வீட்டு விளிம்பில் கொண்டுவந்து நிறுத்தினார்கள்.

இயந்திரமும் அழைக்காமல் ஏறாது என்பதால், ரஹமத்பீயிடம் பேசினார்கள். அவள் மகனுக்கு நிரந்தர வேலை என்றார்கள். மகனுக்கு இரண்டு பெண்குழந்தைகள். ரஹமத்பீ கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள், மறுபடி போட்டாள், இயந்திரத்தின் முகத்தைப் பார்க்காமல், "வாங்க" என்றாள்.

இரும்புப் பல் தாரைக் கவ்விக் கிழித்தது. மேலே எழும்பிய கரண்டியிலிருந்து சொரிந்த தூளில் நீலம் நீலமாகச் சில்லுகள் மின்னின. அது அவள் வீட்டு உள்சுவர். சுவர் முழுக்க இடுப்பு உயரத்துக்கு அவள் மகன் சின்ன வயதில் கரியால் கப்பல் கப்பலாக வரைந்திருந்தான், அடித்துத் திட்டினாளே தவிர அவள் அதை அழிக்கவில்லை. அரவை மில் பொடித்த பிறகும் ஒரு சில்லில் ஒரு கப்பலின் பாய்மரம் ஒட்டிக்கொண்டிருந்தது. ரஹமத்பீ அதைக் கையில் எடுத்தாள். எழுந்தாள். ஊரில் ஒருநாளும் ஒருவரையும் பார்த்துச் சொல்லியிராத சொல்லை, இயந்திரத்துக்கும், அதன் பின்னால் நின்ற அதிகாரிகளுக்கும், அவர்களுக்குப் பின்னால் தெரிந்த பட்டணத்துக்கும் சேர்த்துச் சொன்னாள்.

"வெளிய போங்க."

இயந்திரம் தூக்கிய கரண்டியோடு பின்னுக்கு உருண்டு விளிம்புக்கு வெளியே போய் அணைந்தது. ஏழுமலை தையலை நிறுத்தினான். அவனும் சொன்னான். வீட்டுக்கு வீடு அந்தச் சொல் சாலையின் நீளத்துக்கும் ஓடிவந்தது. ஆரஞ்சு சட்டைகள் ஒவ்வொன்றாகத் தார்மேல் விழுந்தன. சாலையில் இருந்த வண்டிகளெல்லாம், டிரைவர்கள் பிரேக்கை மிதிக்க மிதிக்க, வந்த வழியே பின்னோக்கிப் போய் இறங்கின. முதல் வீட்டில் உட்கார்ந்திருந்த தேசம்மாவின் காதுக்கு அந்தச் சொல் வந்து சேர்ந்தபோது அவள் சொல்வதற்கு அதில் மிச்சமெதுவும் இல்லை. கன்னியப்பன் செத்த நாளிலிருந்து வராத அழுகை அவளுக்கு அப்போதுதான் வந்தது. அழுதபோதும் கோபம் இறங்கவில்லை.

அன்றிலிருந்து தோணித்துறைக்காரர்கள் நர்ஸைத் தவிர, சாப்பாட்டுப் பை தூக்கி வருகிற பையன்களைத் தவிர, கூலியாட்களைத் தவிர ஒருவருக்கும் வாங்க சொல்லவில்லை. பெரியகழனியைப் பூட்டிக்கொண்டு வந்து, அவரவர் வீட்டின்மேல் பாய் விரித்து, ஆறுவழிச் சாலையில் அடுப்பு மூட்டினார்கள். ஆக்கிரமிப்பு என்று நோட்டீஸ் அடித்தார்கள், கொடுக்க வந்தவரால் ஏற முடியவில்லை. மழை வந்தது, நனைந்தார்கள். யாரையும் உள்ளே விடாத அந்த வீடுகளுக்கு மழையைத் தடுக்கக் கூரை இல்லை. இரண்டு கிழவர்களுக்குக் காய்ச்சல் கண்டு ஒருவர் பிழைக்கவில்லை. அந்தச் சாவுக்கு மட்டும் சாலையில் எல்லோரும் ஏறி வந்தார்கள், சாவு வீட்டுக்கு யாரும் அழைத்து வருவதில்லை. கார்க்காரர்கள் சிலர் வந்து நின்றார்கள், ஏழுமலையையும் ரஹமத்பீயையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டுத் துக்கம் விசாரித்தார்கள். மறுநாள் அவர்களே போய், இவர்கள் கேட்டதைக் கொடுங்கள் என்று மறியல் செய்தார்கள், கம்பெனிகள் அலுவலகத்தை வேறு ஊருக்கு மாற்றுவோம் என்றன, அதற்கப்புறம்தான் மேலே இருந்தவர்கள் இறங்கி வந்தார்கள். நியாயம் என்று பட்டு இறங்கி வரவில்லை, போக்குவரத்து கெட்டுப்போனதால் இறங்கி வந்தார்கள். தேசம்மாவுக்கு இது நன்றாகத் தெரியும்.

பேச்சுவார்த்தையில், வீடு கட்டித் தருகிறோம், ஆனால் ஆற்றங்கரையில் முடியாது, வெள்ளம் வரும் என்றார்கள். "எங்க எடத்துல புல்லு போட்டு, பெஞ்சு போட்டு, வாக்கிங் போறீங்களே," என்றாள் தேசம்மா, "வெள்ளம் பெஞ்ச வுட்டுட்டு எங்களத்தான் தேடி வருமா? நாலு படி ஒசத்திக் கட்டு."

இளங்கீரனைத் திரும்பக் கூட்டிவந்தார்கள். இந்தமுறை இயந்திரம் வந்தபோது வீட்டுக்காரர்கள் எல்லோரும் எழுந்து நின்று வாங்க என்றார்கள், அதை இயந்திரத்துக்குச் சொன்னார்கள், ஓட்டிவந்தவனுக்குச் சொன்னார்கள், வேறு யாருக்கும் சொல்லவில்லை. ஒரு வீட்டுத் தூள் இன்னொரு வீட்டோடு கலக்காமல் தனித்தனியாக அள்ளி, சிமென்ட்டும் சாம்பலும் சேர்த்து அழுத்தி, கற்களாக வார்த்து, ஆற்றங்கரையில் உயர்த்திக் கட்டினார்கள். தேசம்மா தன் வீட்டுக்குத் தானே கலவை சுமந்தாள். பூசுவதற்கு வேறொரு கொத்தனார் வந்தான், நல்ல வேலைக்காரன்தான், இருந்தும் அவன் கரண்டி சுவரில் உரசும் சத்தம் கேட்டபோதெல்லாம் அவள் வெளியே போய் நின்றுகொண்டாள். கற்களில் அங்கங்கே ரோஜாப்பூ நிறம் தானாகத் தெரிந்தது. அவற்றின்மேல் சுண்ணாம்பு அடிக்க வேண்டாமென்று சொல்லிவிட்டாள்.

திறப்பு விழாவுக்கு மாலைகளோடு கார்கள் வந்தன. பெரியவர்கள் இறங்கி, செருப்பைக் கழற்றி, வீட்டுக்கு வீடு வாசலில் நின்று, யாராச்சும் இருக்கீங்களா என்று கேட்டார்கள். எல்லா வீட்டிலும் ஆட்கள் இருந்தார்கள், மிளகாய் தாளிக்கிற நெடி தெருவெல்லாம் வந்தது. ஒரு வீட்டிலிருந்தும் பதில் வரவில்லை. மாலைகள் கையிலேயே வாடின. வெயில் ஏற ஏற ஒவ்வொருவராகக் காரேறிப் போனார்கள்.

எல்லோரும் போன பிறகு இளங்கீரன் மட்டும் தேசம்மா வாசலில் நின்றார். சட்டையெல்லாம் சிமென்ட் தூசி. சாலைக்காகப் பேசியதைவிட இந்த வீடுகளுக்காக அவர் அதிகம் பேசியிருந்தார், அதற்காக நிறைய இழந்தும் இருந்தார். அது அவளுக்குத் தெரியும். அவர் கேட்காமல் நின்றார், கேட்கிற தைரியம் இல்லாதவர்போல.

தேசம்மா உள்ளேயிருந்து ஒரு சொம்புத் தண்ணீரோடு வந்து நிலைப்படியில் நின்றாள்.

"தாகமா கீதா சார்?"

"ஆமாம்மா."

"அங்கயே நில்லு. தரேன்."

கையை நீட்டிக் கொடுத்தாள். அவள் கலவை சுமந்த எத்தனையோ வீடுகளில், பூச்சு காய்ந்து ஆட்கள் குடிவந்த பிறகு தண்ணீர் கேட்டால், அவளுக்கும் இப்படித்தான் வெளியே நிறுத்திக் கொடுத்திருக்கிறார்கள். இளங்கீரன் தெருவில் நின்றபடி சொம்பைத் தூக்கி அண்ணாந்து குடித்தார். ஒரு சொட்டு விடாமல் குடித்துவிட்டு இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்தார்.

தேசம்மா வாங்கிக்கொண்டாள். அவரை நன்றாகப் பார்த்தாள். பிறகு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள்.